புதிதாக வாட்ஸ்அப்புக்கு வருகிறவர்களுக்கு: எண், டிபி, குரூப், ஜெராக்ஸ் கடை

புது போன் வாங்கினால் கடைப் பையனே சிம்மைப் போட்டு, வாட்ஸ்அப்பை ஏற்றி, வந்த ஆறு இலக்க எண்ணையும் தானே தட்டி, "ரெடிங்க சார்" என்று கையில் கொடுத்துவிடுகிறார். வீடு வந்து சேர்வதற்குள் அக்கா மகன் குடும்பக் குரூப்பில் சேர்த்துவிடுவான். சாயங்காலத்துக்குள் அபார்ட்மென்ட் குரூப், பத்தாம் வகுப்பு பழைய மாணவர் குரூப், யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஒரு பங்குச்சந்தை குரூப். இதில் நீங்களாகக் கேட்டுச் சேர்ந்தது ஒன்றுகூட இருக்காது.

அந்த நேரத்தில் உங்கள் கணக்கின் நிலைமை இது: டிபி (உங்கள் ப்ரொஃபைல் படம்) யாருக்கும் தெரியும். உங்கள் எண்ணை வைத்திருக்கும் எவரும் எந்தக் குரூப்பிலும் உங்களைச் சேர்க்கலாம். கணக்குக்கு ரகசிய பின் நம்பர் கிடையாது. பேக்கப்புக்கு, அதாவது சாட்டுகளின் சேமித்த நகலுக்கு, தனிப் பூட்டு கிடையாது. நான்கையும் சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் யாரும் செய்வதில்லை, ஏனென்றால் செய்யாவிட்டாலும் வாட்ஸ்அப் நன்றாகவே ஓடும்.

வாட்ஸ்அப் செய்தி 2016-லிருந்து அனுப்புகிற போனுக்கும் வாங்குகிற போனுக்கும் நடுவில் பூட்டியே போகிறது. நடத்துகிற மெட்டா நிறுவனமே அதைப் பிரித்துப் படிக்க முடியாது. யார் யாரோடு, எப்போது பேசுகிறார்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியக்கூடியது. "எவனோ ஹேக் பண்ணிட்டான்" என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் தோண்டிக் கேட்டால், ஆறு இலக்க எண்ணை யாரிடமோ சொன்னது, ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துவிட்டு வந்தது, சித்திக்கு அனுப்பியதைச் சித்தி பத்துப் பேருக்கு அனுப்பியது என்றுதான் வந்து நிற்கும். பூட்டில் குறையில்லை. சாவி கைமாறுகிற இடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

எண்தான் கணக்கு

வாட்ஸ்அப்பில் கடவுச்சொல் கிடையாது. உங்கள் எண்ணுக்கு வரும் ஆறு இலக்க எண் எவன் கையில் கிடைக்கிறதோ, கணக்கு அவனுடையது. அதனால் சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அப்பாவின் சிம் வெளியூரில் இருக்கும் மகன் பெயரில் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். சிம் தொலைந்தால் மாற்று சிம் வாங்க அந்த மகன்தான் ஆதாரோடு கடைக்குப் போக வேண்டும். முடிந்தால் உபயோகிக்கிறவர் பெயருக்கே மாற்றிவிடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். தெரியாத எண் அதில் இருந்தால் "இது என் நம்பர் இல்லை" என்று அங்கேயே புகார் செய்ய வழி உண்டு.

அடுத்தது பின் நம்பர். செட்டிங்ஸ், அக்கவுன்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று போய் ஆன் செய்யுங்கள். ஆறு இலக்கம் கேட்கும். பிறந்த தேதி வேண்டாம், கல்யாண நாள் வேண்டாம், வண்டி நம்பரும் வேண்டாம். இந்த மூன்றும் உங்கள் குடும்பக் குரூப்பிலேயே கிடைக்கும். யுபிஐ பின்னையும் இதற்கு வைக்காதீர்கள். கூடவே மின்னஞ்சல் முகவரி கேட்கும். "ஸ்கிப்" என்று தாண்டிவிடாமல் கொடுங்கள், பின்னை மறந்தால் மீட்க அதுதான் வழி. இடையிடையே வாட்ஸ்அப்பே இந்தப் பின்னைக் கேட்கும். நீங்கள் மறக்காமல் இருக்கத்தான் கேட்கிறது, மிரள வேண்டாம்.

இந்தப் பின் எதற்கு என்பது கீழே உள்ளதைப் பார்த்தால் புரியும். மத்தியானம் மூன்று மணிக்கு, நன்றாகத் தெரிந்த ஒருவரின் எண்ணிலிருந்து, அவருடைய டிபியோடு ஒரு செய்தி வரும்: "அண்ணே, தப்பா உங்க நம்பருக்கு ஒரு கோட் வந்துருச்சு. கொஞ்சம் அனுப்புங்களேன், அவசரம்." அதே நிமிடம் எஸ்எம்எஸ்ஸில் ஆறு இலக்கம் வந்திருக்கும். யாரிடமும் சொல்லாதே என்று அந்த எஸ்எம்எஸ்ஸிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், அதை யார் படிக்கிறார்கள்? கேட்பது தெரிந்தவர் ஆயிற்றே என்று அனுப்பிவிடுவோம். ஆனால் அந்தத் தெரிந்தவரின் கணக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே இப்படித்தான் பறிபோயிருக்கும். இப்போது உங்களுடையதும் போயிற்று. அடுத்த பத்து நிமிடத்தில் உங்கள் மச்சானுக்கு உங்கள் பெயரில் "ஆஸ்பத்திரியில இருக்கேன், ஜிபே பண்ணு, நாளைக்குத் தர்றேன்" என்று போகும்.

பின் வைத்திருந்தால் ஆறு இலக்க எண் கிடைத்தும் அவனால் உள்ளே போக முடியாது. வைக்காமல் மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியவை:

1. உங்கள் போனிலேயே வாட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் எண்ணை மறுபடி பதியுங்கள். புதிதாக வரும் ஆறு இலக்கத்தைப் போட்டதும் அவன் போனில் கணக்கு அறுந்துவிடும்.
2. நீங்கள் வைக்காத பின்னை அது கேட்டால், அவன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அர்த்தம். 7 நாள் காத்திருந்தால் பின் இல்லாமல் உள்ளே போகலாம். அதுவரை உங்களால் நுழைய முடியாது, அவனும் வெளியே தள்ளப்பட்டிருப்பான்.
3. ஆறு இலக்கம் வரவில்லை என்று திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள். ஒவ்வொரு தவறுக்கும் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். திரையில் ஓடும் கடிகாரம் முடியட்டும்.
4. காத்திருக்கும் நேரத்தில் மனைவி போனிலிருந்தோ பிள்ளை போனிலிருந்தோ எல்லாக் குரூப்பிலும் ஒரு வரி போடச் சொல்லுங்கள்: "அவர் நம்பரில் இருந்து காசு கேட்டா அனுப்பாதீங்க." வெட்கப்பட்டுக்கொண்டு இதைத் தள்ளிப்போடுகிற நேரத்தில்தான் உறவுக்காரர்கள் காசை இழக்கிறார்கள்.
5. கணக்கு திரும்பியதும் லிங்க்டு டிவைசஸ் (உங்கள் கணக்கோடு இணைத்த மற்ற சாதனங்களின் பட்டியல்) என்ற இடத்தைத் திறந்து, அங்கே தெரியும் எல்லாவற்றையும் லாக் அவுட் செய்யுங்கள். பிறகு பின் நம்பரைப் போடுங்கள்.

சிம்மை மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. பழைய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அது ஒருநாள் துண்டிக்கப்படும். துண்டித்து 90 நாள் கழிந்தபின் அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது இங்குள்ள விதி. உங்கள் பழைய எண்ணோடு வங்கி, குரூப், பள்ளி எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு வந்து சேர்வது உங்கள் விவகாரம். எண்ணை விடுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் சேஞ்ச் நம்பர் என்பதைப் பயன்படுத்திப் புது எண்ணுக்கு மாற்றுங்கள். குரூப்புகளும் கூடவே வந்துவிடும்.

யாருக்கு என்ன தெரிகிறது

செட்டிங்ஸில் பிரைவசி. உள்ளே பத்துப் பதினைந்து வரிகள் இருக்கும். எல்லாமே முக்கியம் என்று சொன்னால் எதையும் செய்யமாட்டீர்கள், அதனால் முதல் நாளைக்கு மூன்று போதும்: ப்ரொஃபைல் போட்டோவை "மை கான்டாக்ட்ஸ்" என்று மாற்றுங்கள். குரூப்ஸ் என்பதையும் அப்படியே. கால்ஸ் என்பதற்குள் போய் சைலன்ஸ் அன்நோன் காலர்ஸை ஆன் செய்யுங்கள். தெரியாத எண்களின் வாட்ஸ்அப் அழைப்பு ஒலிக்காது, பட்டியலில் மட்டும் இருக்கும். பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், வயதானவர்கள் மூவருக்கும் இந்த ஒன்று பெரிய நிம்மதி.

"மை கான்டாக்ட்ஸ்" என்றால் வேண்டியவர்கள் என்று நினைத்துக்கொள்வோம். போனில் பெயர் போட்டு வைத்திருக்கும் அத்தனை பேரும் அதில் அடக்கம். கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பிளம்பர், ஒரே ஒரு தடவை வந்த ஆட்டோக்காரர், ஐந்து வருடத்துக்கு முன் வீடு காட்டிய புரோக்கர். இவர்கள் எல்லோருக்கும் உங்கள் டிபி தெரியும். வழி இரண்டு: அவசியமில்லாத எண்களை அழிப்பது, அல்லது "மை கான்டாக்ட்ஸ் எக்செப்ட்" என்பதில் அவர்களை விலக்கிவைப்பது. ஸ்டேட்டஸுக்கு இன்னொரு சல்லடை உண்டு: நீங்கள் அவர் எண்ணையும் அவர் உங்கள் எண்ணையும் இருபுறமும் சேமித்திருந்தால்தான் தெரியும். "என் ஸ்டேட்டஸை மாமா பார்க்கவே மாட்டேங்கிறார்" என்று வருத்தப்படுவதற்கு முன் மாமா உங்கள் எண்ணைப் பெயரோடு வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

டிபியைப் பொறுத்தவரை பொது இடத்தில் ஒட்டும் படம் என்றே எண்ணி வையுங்கள். உங்கள் டிபியை எடுத்துப் புது எண் ஒன்றில் வைத்து, "இது என் புது நம்பர், பழசு ரிப்பேர்" என்று உங்கள் அம்மாவிடம் பணம் கேட்க எந்தக் கணக்கையும் பறிக்கத் தேவையில்லை, படமும் பெயரும் போதும். அதனால் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொள்ளுங்கள்: புது எண்ணிலிருந்து யார் காசு கேட்டாலும் பழைய எண்ணுக்குக் கூப்பிட்டுக் குரலைக் கேட்ட பிறகுதான்.

கடைசியாக எப்போது வாட்ஸ்அப்பில் இருந்தீர்கள் என்று காட்டும் லாஸ்ட் சீன், பாதுகாப்பு விஷயம் என்பதைவிட வீட்டு விஷயம். "ராத்திரி ரெண்டு மணிக்கு ஆன்லைன்ல இருந்தியே, என்ன பண்ணிட்டிருந்த?" என்று விடுதியில் இருக்கும் பிள்ளையை, புகுந்த வீட்டில் இருக்கும் பெண்ணை, லீவு சொன்ன ஊழியரைக் கேட்பதற்கு இந்த ஒரு வரிதான் ஆதாரம். 2022-லிருந்து லாஸ்ட் சீனோடு ஆன்லைன் என்பதையும் மறைக்க முடியும். ஆனால் கொடுத்தால்தான் கிடைக்கும்: நீங்கள் மறைத்தால் மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது. நீல டிக்கும் அதே கணக்குத்தான். அதை அணைத்தாலும் குரூப்பில் யார் படித்தார்கள் என்பது தெரிந்துகொண்டேதான் இருக்கும், "பார்த்துட்டும் பதில் சொல்லல" என்ற பேச்சு குரூப்பில் ஓயாது.

ஒருவரை பிளாக் செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். இருவரும் ஒரே குரூப்பில் இருந்தால் நீங்கள் அங்கே போடுவதை அவர் பார்ப்பார், அவர் போடுவதை நீங்கள் பார்ப்பீர்கள்.

குரூப் என்னும் கல்யாண மண்டபம்

ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேருக்கும் உங்கள் எண் தெரியும். அதனால் குரூப்பில் பேசுவதை வீட்டுத் திண்ணைப் பேச்சாக எண்ணாமல் மைக் பிடித்துப் பேசுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் வாட்ஸ்அப் உங்களுக்குச் சொல்லாது.

அதிகம் கசிவது வாழ்த்தில்தான். "எங்கள் செல்லம் தர்ஷினிக்கு இன்று 7-வது பிறந்தநாள்" என்று பள்ளிச் சீருடையில் ஒரு படம், கழுத்தில் அடையாள அட்டை. அபார்ட்மென்ட் குரூப்பில் இருக்கும் ஒருவருக்கு இப்போது குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பள்ளி, வகுப்பு, பெற்றோரின் எண், வீடு இருக்கும் கட்டடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டது. வாழ்த்துப் போடவே கூடாது என்பதில்லை. சீருடை இல்லாத படம், வயது இல்லாத வாழ்த்து, அட்டை தெரியாத கோணம். இவ்வளவுதான். அடுத்தவர் குழந்தை உள்ள படம் என்றால் அந்தக் குழந்தையின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். ஆண்டு விழாவில் எடுத்த குழுப்படத்தில் இருபது குழந்தைகள் இருப்பார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஊருக்குப் போகிற படத்தை ஊருக்குப் போய்வந்த பிறகு போடுங்கள். எழும்பூர் ஸ்டேஷனில் குடும்பமாக நிற்கும் ஸ்டேட்டஸ், "நாலு நாளைக்கு வீடு பூட்டு" என்று தெருவுக்கே அறிவிக்கிறது.

துக்கச் செய்திக்கு ஒரு முறை வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் யாரோ ஒருவர் அவசரப்பட்டு "ஆழ்ந்த இரங்கல்" என்று போட, உள்ளே டாக்டர் இன்னும் முயன்றுகொண்டிருக்க, வெளிநாட்டில் இருக்கும் மகள் அதைக் குரூப்பில் பார்த்துத் தெரிந்துகொள்வது நடக்கிறது. முதலில் நேர் ரத்த உறவுகளுக்கு போன். எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்று வீட்டார் சொன்ன பிறகு, வீட்டாரில் ஒருவரே குரூப்பில் போடட்டும். கல்யாணப் பத்திரிகையும் கொஞ்சம் அப்படித்தான்: நேரில் கொடுக்க வேண்டியவருக்கு முன்னால் குரூப்பில் போய்விட்டால் அந்தக் கோபம் பந்தி வரைக்கும் வரும்.

வாய்ஸ் நோட் தனி ஆபத்து. எழுதிய செய்தியை ஃபார்வர்டு செய்தால் யார் எழுதியது என்று பெயர் வராது. குரலுக்குப் பெயர் வேண்டியதில்லை. சின்னம்மாவிடம் மட்டும் புலம்பிய ஒன்றரை நிமிடம், சம்பந்தி வீடு வரை போனால் மறுக்க வழியே இல்லை. கோபத்தில் இருக்கும்போது போன் செய்து பேசுங்கள், பதிவு செய்து அனுப்பாதீர்கள்.

தவறிப்போய் அனுப்பியதைத் திரும்ப எடுக்க: செய்தியை அழுத்திப் பிடித்து டெலீட் ஃபார் எவ்ரிஒன். இரண்டு நாளுக்குச் சற்று அதிகமாக அவகாசம் உண்டு. எழுத்துப்பிழை மட்டும் என்றால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். பதற்றத்தில் டெலீட் ஃபார் மீ என்று தட்டிவிடுவதுதான் வழக்கமான தவறு. உங்கள் கண்ணுக்கு மட்டும் மறையும், ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி ஆனதும் திரையின் அடியில் சில விநாடிகள் அன்டூ என்று வரும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

குரூப்பை விட்டு வெளியேறினால் இப்போது அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். ஆனாலும் குடும்பக் குரூப்பிலிருந்து வெளியேறுவது பந்தியில் பாதியில் எழுந்து போவதற்குச் சமம், விளக்கம் கேட்பார்கள். மியூட் செய்து ஆர்க்கைவில் தள்ளிவிடுங்கள், யாருக்கும் தெரியாது. யாரென்று தெரியாத பங்குச்சந்தை, பகுதிநேர வேலை குரூப்புகளுக்கு இந்த மரியாதையெல்லாம் வேண்டாம். வெளியேறும்போதே ரிப்போர்ட் என்பதையும் சேர்த்துத் தட்டுங்கள்.

நீங்களே அட்மின் என்றால், குரூப் லிங்கை ஒருபோதும் பொது இடத்தில் போடாதீர்கள். போட்டுவிட்டால் ரீசெட் லிங்க் செய்தால் பழைய லிங்க் செத்துவிடும். உறுப்பினர் போட்ட ஒன்றுக்காக அட்மினைப் பொறுப்பாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது. அதற்காக வெறுப்புப் பதிவைக் கண்டும் காணாமல் விடுவது நல்ல அட்மினுக்கு அழகல்ல.

ஜெராக்ஸ் கடை

நம் ஊரில் ஒரு மனிதரின் மொத்த ஆவணங்களும் அதிகம் தங்கிக் கிடக்கும் இடம் தெருமுனை ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர். கடைக்காரர் மேல் தப்பில்லை. அவருக்கு ஒரு நாளைக்கு நூறு பேர் ஆதார் அனுப்புகிறார்கள், அழிக்க நேரம் இல்லை.

ஒரு பிரின்ட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு ஆதார் பிடிஎஃப்பை அனுப்புகிறீர்கள். "பாஸ்வேர்டு கேக்குதுங்க" என்கிறார். சொல்கிறீர்கள். அந்தப் பாஸ்வேர்டு ரகசியமே இல்லை: பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகள், பின்னால் பிறந்த வருடம். உங்களைத் தெரிந்த எவரும் திறந்துவிடலாம். கம்ப்யூட்டரில் திறப்பதற்கு அது டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறங்குகிறது. பிரின்ட் வருகிறது, பத்து ரூபாய் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். கோப்பு இப்போது உங்கள் போனில், கடை போனில், கடைக் கம்ப்யூட்டரில் என மூன்று இடத்தில்.

இதற்குச் செய்ய வேண்டியவை கடினமானவை இல்லை. ஆதார் தளத்தில் இறக்கும்போதே மாஸ்க்டு ஆதார் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 12 இலக்கத்தில் கடைசி 4 மட்டும் தெரியும், பெரும்பாலான இடங்களுக்கு அது போதும். அனுப்பிய பிறகு கடையை விட்டு நகராதீர்கள். பிரின்ட் கையில் வந்ததும், "அண்ணா, டவுன்லோட்ஸ்ல இருக்கறத அழிச்சிருங்க, ரீசைக்கிள் பின்லயும்" என்று கேளுங்கள். கேட்டால் செய்துவிடுவார்கள், கேட்பதற்குத்தான் நமக்குக் கூச்சம். பிறகு உங்கள் போனில் டெலீட் ஃபார் எவ்ரிஒன். வரிசையை மாற்றாதீர்கள்: சாட்டில் அழித்தால் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இறங்கியது அழியாது. நகலின் குறுக்கே பேனாவால் எதற்காகக் கொடுத்தது, தேதி, கையெழுத்து மூன்றையும் எழுதுங்கள், எண்ணும் முகமும் மறையாதபடி.

"வாட்ஸ்அப் வெப்ல லாகின் பண்ணிக்கோங்க" என்று கியூஆரைக் காட்டினால் வேண்டாம். ஒரு தாள் பிரின்ட்டுக்காக உங்கள் எல்லா சாட்டையும் அடுத்தவர் திரையில் திறந்து வைப்பதற்கு அது சமம். வேறு வழியில்லாமல் செய்துவிட்டால், கடை வாசலிலேயே நின்று உங்கள் போனில் லிங்க்டு டிவைசஸைத் திறந்து அந்தக் கம்ப்யூட்டரை லாக் அவுட் செய்யுங்கள். பிரவுசர் ஜன்னலை மூடுவதால் லாக் அவுட் ஆகாது. ஒரு கணக்கோடு நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம் என்பதால், ஒன்று கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் உங்களுக்கு எந்த இடைஞ்சலும் தெரியாது. ஆபத்து அதில்தான். வீட்டில் யாராவது உங்கள் செய்திகளை உங்களுக்குத் தெரியாமல் படிக்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

படங்களும் பேக்கப்பும்

படத்தைச் சாதாரணமாக அனுப்பினால், எந்த இடத்தில் எடுத்தது என்று அதற்குள் ஒளிந்திருக்கும் இடக்குறிப்பை வாட்ஸ்அப் நீக்கிவிடும். "கிளாரிட்டி போயிடுது" என்று அதையே டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும், இடக்குறிப்பும் சேர்ந்து. வீட்டில் எடுத்த படத்தை முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும்போது இது நினைவில் இருக்கட்டும். ஒரே முறை திறக்கும் வியூ ஒன்ஸ் படத்தை இன்னொரு போனால் படம் பிடிக்கலாம், அதை எந்த ஆப்பும் தடுக்காது.

குரூப்பில் வரும் படமெல்லாம் உங்கள் கேலரியில் விழுவதைத் தடுக்க, செட்டிங்ஸ், சாட்ஸ் என்று போய் மீடியா விசிபிலிட்டியை அணையுங்கள். இல்லாவிட்டால் கேலரி மொத்தமும் கூகுள் போட்டோஸுக்கு ஏறும் போன்களில் ஊர்ப்பட்ட குட்மார்னிங்கும் ஏறி, 15 ஜிபி இலவச இடத்தை நிரப்பிவிடும்.

பேக்கப் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். சாட் பூட்டியே போகிறது, ஆனால் கூகுள் கணக்குக்கோ ஐகிளவுடுக்கோ ஏறும் நகலுக்கு அந்தப் பூட்டு தானாக வராது. சாட்ஸ், சாட் பேக்கப், எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப் என்று போய் நீங்கள்தான் போட வேண்டும். பாஸ்வேர்டு வைக்கலாம், அல்லது 64 எழுத்துச் சாவி கேட்டு வாங்கலாம். பாஸ்வேர்டே போதும், ஆனால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போனும் தொலைந்து பாஸ்வேர்டும் மறந்தால் அந்த பேக்கப்பை வாட்ஸ்அப் உட்பட யாராலும் திறக்க முடியாது.

ஃபார்வர்டும் பத்திரிகையும்

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைப் பெண்மணி ஒருவரை, குழந்தை கடத்துகிறவர் என்று எண்ணி ஊர்க்கூட்டம் அடித்துக் கொன்றது. 65 வயதானவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்தல் கும்பல் வந்திருக்கிறது என்று அப்போது வாட்ஸ்அப்பில் வீடியோக்களும் ஆடியோக்களும் சுற்றிக்கொண்டிருந்தன. நாட்டின் பல பகுதிகளிலும் இப்படிக் கொலைகள் நடந்தபின், அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி வரும், 2020-லிருந்து அதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம்.

இரட்டை அம்பைப் பார்த்தால் அனுப்பியவரிடம் ஒரே கேள்வி: "இது உங்களுக்கு நேரா தெரியுமா?" தெரியாது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். தேதியும் ஊர்ப் பெயரும் இல்லாத எச்சரிக்கை, "எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று முடிவது, ரத்தம் தேவை என்று வரும் எண்: முதல் இரண்டை விட்டுவிடலாம், மூன்றாவதை அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்பலாம்.

இன்னொன்று கல்யாணப் பத்திரிகை. படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும் வரை சரி. கோப்பின் பெயர் கடைசியில் ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, போனில் ஏறும் ஆப். போக்குவரத்து அபராதம், கேஸ் பில், வங்கி கேஒய்சி என்ற பெயர்களிலும் இதே வரும். ஏற்றினால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்த நிமிடத்திலிருந்து ஓடிபி எல்லாம் அங்கே போகும். ஏற்றிவிட்டீர்கள் என்றால்: உடனே ஏரோபிளேன் மோடு, வைஃபையையும் அணைத்துவிடுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்குப் பேசிக் கணக்கையும் யுபிஐயையும் முடக்குங்கள். காசு போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் பிடிக்க வாய்ப்பு. அதன்பின் போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், அதாவது உள்ளதையெல்லாம் அழித்துப் புது போன்போல் ஆக்குங்கள். ஐகானை அழித்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், சில ஆப்கள் ஐகானே இல்லாமல் ஒளிந்திருக்கும்.

காசு "வர" பின் நம்பர் கேட்டால் அது மோசடி. யுபிஐயில் காசு வாங்க பின் நம்பர் தேவையே இல்லை.

யாராவது படத்தை வைத்து மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். சாட்டை அழிக்காமல், எண்ணும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரில் பெயரைச் சொல்லாமலும் பதியலாம். வீட்டில் சொல்ல பயந்து ராத்திரியெல்லாம் விழித்திருக்கும் பிள்ளைகளுக்கு, குழந்தைகள் உதவி எண் 1098.

போன் தொலைந்தால்

சிம்மை முடக்கினால் வாட்ஸ்அப்பும் நின்றுவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். முதலில் சிம் நிறுவனத்தில் சொல்லி எண்ணை முடக்குங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், அதே எண்ணில் மாற்று சிம் வாங்கி வேறொரு போனில் வாட்ஸ்அப்பைப் பதியுங்கள். பதிந்த நொடியில் தொலைந்த போனில் அது வெளியேறிவிடும். புகார் ரசீதோடு சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கக் கோரலாம், அதற்கு ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) கேட்பார்கள். போன் தொலைந்த பிறகு அதைத் தேடி அலைய வேண்டாம்: இப்போதே *#06# என்று டயல் செய்யுங்கள், திரையில் 15 இலக்கம் வரும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள். பேக்கப் பாஸ்வேர்டு எழுதிய அதே நோட்டில் அவற்றையும் எழுதி, போன் பெட்டியோடும் பில்லோடும் பீரோவில் வையுங்கள்.